ஏற்காடு ஏற்றத்தில் இழுவை போனால்: டர்போ காரின் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஏழாவது வளைவைத் தாண்டியதும் என் டீசல் காரின் இழுவை ஒரு நொடியில் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியும் என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. பின்னால் பஸ், பக்கத்து இருக்கையில் அம்மா. ஓரங்கட்டி நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தபோது வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஏறியது. பத்தாவது வளைவில் மீண்டும் அதே நிலை.

முதலில் காட்டிய பட்டறையில் எதையும் கழற்றாமலேயே "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் ஊதும் கருவி. மனம் ஒப்பாமல், எங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஊதிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ் ஹோஸை இரண்டு கைகளாலும் வளைத்துக் காட்டினார். வெளியே தெரியாத மடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. "தம்பி, டர்போ ஒழுங்காகத்தான் ஊதுகிறது. ஊதிய காற்று என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே போகிறது என்று பாருங்கள். ஊதுகிறவனை ஏன் மாற்றுகிறீர்கள்?" என்றார்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இதுதான். என்ஜினுக்கு மூன்று வேண்டும்: காற்று உள்ளே வர வேண்டும், எரிபொருள் வர வேண்டும், புகை வெளியே போக வேண்டும். இவற்றில் எது தடைப்பட்டது என்பதை அளந்து தெரிந்துகொள்ளும் வரை எந்த உதிரிபாகத்தையும் வாங்கக் கூடாது.

முதலில் பத்திரமாக நிற்பது

மலைச்சாலையில் இழுவை போனால் அவசரப்பட்டு சாவியைத் திருப்பாதீர்கள். என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும். ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாக இறுகிவிடும். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, இருக்கிற இழுவையோடு கியரைக் குறைத்து, அடுத்த அகலமான ஓரம் வரை மெதுவாக ஏறுங்கள். வளைவின் உள்பக்கத்தில் நிற்கவே கூடாது. பஸ்ஸும் லாரியும் திரும்ப இடம் வேண்டும். நின்றதும் கைபிரேக், பிறகு சக்கரத்துக்குப் பின்னால் கல். கிளம்பும்போது அந்தக் கல்லை மறக்காமல் சாலையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். இரவில் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அது எமன்.

விளக்கின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் பத்திரமாக நின்ற உடனே என்ஜினை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வளைவுகூட ஓட்டக் கூடாது. வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் அப்படியே. மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் ஏற மறுத்தால், அது பெரும்பாலும் லிம்ப் மோட். என்ஜினைக் காப்பாற்ற அதன் கணினியே பூஸ்டை, அதாவது டர்போ ஊதும் அழுத்தத்தை, குறைத்து வைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் காரில் அந்த மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பற்றவைப்பு தவறுகிறது; எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அந்த நிலையில் ஏற்றம் ஏறவே கூடாது.

அபூர்வமாக நேர்வது ஒன்று உண்டு, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். டர்போவில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் உடைந்தால் டீசல் என்ஜின் தன் எண்ணெயையே குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் உறுமிக்கொண்டே வேகம் கூடும். பின்னால் மேகம் மேகமாகப் புகை வரும். கியர் வண்டியென்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கி தூரமாகப் போய்விடுங்கள்.

எப்போது, எந்தக் கியரில் என்று எழுதிக்கொள்ளுங்கள்

வண்டிக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைத் தொடும் முன்பே பாதி விடை ஓட்டுநரிடம் இருக்கிறது. எந்தக் கியர், எத்தனை சுற்று, எவ்வளவு வேகம், என்ஜின் சூடேறியிருந்ததா, மழையா, சமீபத்தில் எந்த பங்க்கில் எரிபொருள் போட்டது, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள். கடைசிக் கேள்வி முக்கியம். சர்வீஸ் முடிந்த ஒரு வாரத்துக்குள் இழுவை போனால், சரியாக மாட்டப்படாத ஒரு ஹோஸையோ கிளாம்பையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அணைத்து ஸ்டார்ட் செய்தால் இழுவை திரும்பி, மறுபடி ஏற்றத்தில் போகிறதா? அப்படியென்றால் கணினி கேட்ட பூஸ்டுக்கும் வந்த பூஸ்டுக்கும் பொருந்தவில்லை என்பதே வழக்கமான காரணம். எப்போதுமே மந்தமாக, சமதளத்திலும் இழுக்காமல் இருந்தால் அடைப்பையோ எரிபொருளையோ நினையுங்கள்.

காதையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் "உஸ்" என்று காற்று சீறினால் ஹோஸ் கிழிந்திருக்கிறது. சங்கு ஊதுவதுபோல் சுற்றோடு சேர்ந்து ஏறும் கூர்மையான ஓசை டர்போவின் தண்டு தேய்ந்ததைக் காட்டும். டீசலில் கருப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப் புகை எண்ணெய். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, அதோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால், கூலன்ட் உள்ளே கசிகிறது.

இங்கேயே இன்னொன்றையும் விலக்கிவிடுங்கள். சுற்று மட்டும் விறுவிறுவென்று ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் என்ஜினில் குறையே இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. மே மாதக் கோடை விழா நாட்களில் வரிசையில் ஊர்ந்து, பாதிக் கிளட்ச்சிலேயே மலை ஏறிய வண்டிகளுக்கு இது நடக்கும். எரிந்த நாற்றமும் வரும். ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் டர்போ கோளாறு என்று நினைத்துப் பணத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறியீட்டைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி செருகுமுனை இருக்கும். புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைபேசியில் கோளாறுக் குறியீடுகளையும், கோளாறு பதிவான கணத்தின் அளவுகளையும் படமெடுத்து வையுங்கள். பலர் அவசரத்தில் குறியீட்டை அழித்துவிட்டு பட்டறைக்குப் போகிறார்கள். அதோடு சாட்சியமும் போய்விடுகிறது.

டர்போ கார்களில் அடிக்கடி வருபவை சில. பி0299 என்றால் பூஸ்ட் குறைவு. பி0234 என்றால் பூஸ்ட் மிகை. பி0087 எரிபொருள் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் அழுத்தக் குழாயில், அழுத்தக் குறைவு. பி0101 காற்று அளக்கும் சென்சார் நம்பும்படியாக அளவு தரவில்லை. பி0401 இஜிஆர், அதாவது புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் வால்வில், ஓட்டம் போதவில்லை. பி2463 டீசல் புகை வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது. குறியீடு எந்தத் திசையில் தேட வேண்டும் என்று மட்டுமே சொல்லும். பி0299 வந்துவிட்டது என்பதற்காக டர்போவை மாற்றுவது, காய்ச்சல் வந்துவிட்டது என்பதற்காக அறுவை சிகிச்சை செய்வதைப் போன்றது.

மலையே ஒரு சோதனைக்கூடம்

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் 30 கிலோமீட்டர் சாலைதான். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓட்டாமல், காற்றழுத்த சென்சாரின் அளவை ஸ்கேனரில் பாருங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் நிற்கும்போது ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஏற்காடு ஏரிக்கரையில் ஏறக்குறைய 85. வானிலையைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். பத்துப் பதினைந்து தள்ளிக் காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. வேறு எதையும் கழற்றும் முன் அதையும் அதன் வயரையும் பாருங்கள்.

கோளாறு ஏன் மலையில் மட்டும் தலைகாட்டுகிறது என்பதற்கும் இந்த எண்களிலேயே விடை உண்டு. கணினி 200 கிலோபாஸ்கல் கேட்கிறது என்று வையுங்கள். சேலத்தில் டர்போ வெளிக்காற்றை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அழுத்தினால் போதும். ஏற்காட்டில் அதே 200-ஐ எட்ட 2.35 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தால், கீழே டர்போ கொஞ்சம் கூடுதலாக ஊதி அதை மறைத்துவிடும். மேலே அந்தக் கூடுதல் அதனிடம் இல்லை. டர்போ இல்லாத என்ஜின் உயரத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல வலுவிழக்கும். டர்போ வண்டி கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரே கணத்தில் கைவிடும்.

ஓடும்போது அளப்பதற்கு அதிகாலையில், வண்டிகள் இல்லாத நேராகப் போகும் சாலைக்குப் போங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் கைபேசியில் பதியட்டும். தனியாக இதைச் செய்யாதீர்கள். மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து 3,500 வரை ஏற்றி, நான்கு அளவுகளைப் பதிய வேண்டும்: கணினி கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், உள்ளே போன காற்றின் அளவு, ரெயில் அழுத்தம்.

காற்று நிறையப் போகிறது, பூஸ்ட் மட்டும் ஏறவில்லை என்றால், அளந்த காற்று டர்போவுக்குப் பிறகு எங்கோ கசிகிறது. காற்றும் குறைவு, பூஸ்டும் குறைவு என்றால், டர்போ ஊதவில்லை, அல்லது அதற்குக் காற்று வரும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது இஜிஆர் திறந்தபடி சிக்கியிருக்கிறது. பூஸ்ட் கேட்டதைத் தாண்டி எகிறி, உடனே இழுவை அறுந்தால், டர்போவின் கட்டுப்பாட்டில் பிசகு. பூஸ்ட் சரி, ரெயில் அழுத்தம் மட்டும் குறைகிறது என்றால் எரிபொருள். நான்குமே சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையென்றால் சைலன்சர் பக்கம் அடைப்பு, கிளட்ச், பெட்ரோல் என்றால் பற்றவைப்பு. எந்த நாளும் இந்தப் பதிவு ஒன்றுதான் எனக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

காற்று வரும் வழியெல்லாம்

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கப் பகுதிகளில் ஓடும் வண்டிகளின் ஃபில்டரைத் திறந்தால் மாவு சலித்த சல்லடைபோல் இருக்கும். புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பாதியிலேயே மாற்ற வேண்டும். அதற்கு அடுத்ததாகக் காற்று அளக்கும் சென்சார். அதற்கென்று விற்கும் தெளிப்பானால் மட்டும் சுத்தம் செய்து, காயவிட்டு மாட்டுங்கள். துணியோ விரலோ அந்த மெல்லிய கம்பியைத் தொடக் கூடாது.

பிறகு ஹோஸ்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை, அங்கிருந்து என்ஜின் வரை, ஒவ்வொரு இணைப்பையும் கையால் வளைத்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு; பயப்பட வேண்டாம். அந்த எண்ணெய் வெளியே ஈரமாகப் புழுதியைப் பிடித்து ஒரு கோடு போட்டிருந்தால், அந்தக் கோடு தொடங்கும் இடம்தான் கசிவு. என் ஹோஸில் அந்தக் கோடு இருந்தது. கீழ்ப்பக்கமாக இருந்ததால் நின்றபடி பார்த்த யார் கண்ணிலும் படவில்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் அழுத்திப் பாருங்கள். உள்வரும் குழாயை மூடி, காற்றை அரை பாருக்கு (50 கிலோபாஸ்கல்) மேல் போகாமல் நிதானமாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். டயருக்குக் காற்று அடிப்பதுபோல் முழு அழுத்தத்தைத் திறந்துவிட்டால் நல்ல சீல்களும் பிய்ந்துவிடும். புகைச் சோதனைக் கருவி உள்ள பட்டறை கிடைத்தால் இன்னும் நல்லது.

மெல்லிய வெற்றிடக் குழாய்களை மறவாதீர்கள். இந்தப் பென்சில் தடிமன் ரப்பரில்தான் பல டீசல் வண்டிகளின் டர்போக் கட்டுப்பாடு தொங்கிக்கொண்டிருக்கிறது. எலிக்கு இது மிகவும் பிடிக்கும். தோட்டத்தில், தென்னை மரத்தடியில் நிறுத்தும் வண்டியென்றால் என்ஜின் மூடிக்குக் கீழே எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பை, டர்போவின் ஊதலைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால், அதன் தண்டு தடங்கல் இல்லாமல் நகர்ந்து, விடும் வரை அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கிறது. இடையில் தடுக்கினால் டர்போவின் புகைப் பக்கத்து நகரும் இதழ்களில் கரி பிடித்திருக்கிறது. எப்போதும் குறைந்த சுற்றிலேயே நகரத்துக்குள் ஓடும் வண்டியின் நோய் இது. மின்மோட்டார் வைத்த ஆக்சுவேட்டரை மட்டும் கையால் தள்ளிப் பார்க்காதீர்கள். அதற்கு ஸ்கேனரிலிருந்துதான் கட்டளை கொடுக்க வேண்டும்.

டர்போவைப் பார்ப்பது

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் டர்போவுக்கு வாருங்கள். என்ஜின் முழுதாக ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே தெரியும் டர்போவின் சிறு சக்கரத்தை விரலால் சுழற்றுங்கள். உரசாமல் சுழல வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறு ஆட்டம் இருக்கலாம். எண்ணெய்ப் படலம் அதை நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு உணரக் கூடாது. இதழ் நுனி உடைந்திருந்தாலோ, கூட்டில் உரசிய வட்டம் தெரிந்தாலோ டர்போ முடிந்தது.

முடிந்ததென்றாலும் புதியதை உடனே மாட்டிவிடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு, எண்ணெய் வரத்தில் பிசகில்லாமல் கெடுவது குறைவு. எண்ணெய் வரும் குழாயில் கரி அடைத்திருக்கிறதா, திரும்பிப் போகும் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்து, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, புதிய டர்போவுக்குள் எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காரணத்தைத் தேடாமல் மாட்டிய டர்போ பழையதன் வழியிலேயே போகும்.

எரிபொருளும் புகை வழியும்

ரெயில் அழுத்தம் சரிந்தால் முதலில் டீசல் ஃபில்டர். மழைக்காலத்தில் அதன் அடிக்குமிழைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நவீன டீசல் என்ஜின் ஐட்லிங்கில் சுமார் 300 பார், முழு இழுவையில் 1,600 பாருக்கு மேலும் கேட்கும். ஃபில்டர் புதிதாகியும் அழுத்தம் எழாவிட்டால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பிக் கசியும் டீசலை அளக்க வேண்டும், பிறகுதான் பம்ப். ரெயில் குழாய்களை என்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு விற்ற டீசல் கார்களில் புகை வடிகட்டி இருக்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இது அடைபடும். எச்சரிக்கை விளக்கு புதிதாக எரியத் தொடங்கியிருந்தால், நெடுஞ்சாலையில் 20 நிமிடம் நிலையான வேகத்தில் ஓட்டினால் கரி தானாக எரிந்துவிடும். அந்த நேரத்தில் வடிகட்டி 600 டிகிரி வரை சூடேறும். மாசி, பங்குனியில் சேர்வராயன் மலையோரக் காய்ந்த சருகின் மேல் அப்படிப்பட்ட வண்டியை நிறுத்துவது காட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். லிம்ப் மோடுக்கே போய்விட்ட வண்டியை இப்படி ஓட்டிப் பார்க்காமல் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோல் டர்போவில் ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்சாரம் தரும் காயிலும் முழு பூஸ்டில்தான் தடுமாறும். சந்தேகப்படும் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். தவறும் அதோடு இடம் மாறினால் குற்றவாளி அதுதான்.

சரிசெய்த பிறகு

குறியீட்டை இப்போது அழித்து, அதே சாலையில், அதே கியரில், அதே நான்கு அளவுகளை மறுபடி பதியுங்கள். பிறகு அடிவாரத்திலிருந்து இருபதாவது வளைவு வரை ஒருமுறை ஏறி வாருங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சிவக்கச் சூடேறிய டர்போவில் எண்ணெய் ஓடி ஆற வேண்டும்.

வண்டி நன்றாக இருக்கும் இந்த நாளின் எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, முன் இருக்கைப் பெட்டியில் ஆர்.சி. நகலோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை இழுவை குறைந்ததுபோல் தோன்றும்போது, ஒப்பிட்டுப் பார்க்க மெக்கானிக் கேட்கும் முதல் தாள் அதுதான்.